பட்டியலைத் தின்ற ஆடு

எங்கள் சபையின் கிராம நலப் பணியில் பதினோரு வருடமாக அலைகிற அக்காவுக்கு ‘கறார்’ என்று பெயர் வைத்தது நான்தான். வேன் ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு கொடுப்பதற்கு முன் அக்கா வீடு வீடாக ஏறி இறங்குவார். கூரை ஒழுகுகிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். "எனக்கு முகம் தெரியாது தம்பி, பேப்பர்தான் தெரியும்" என்பார். நானும் தலையாட்டிவைப்பேன். எதிர்த்துப் பேசினால் போகிற வழியெல்லாம் உபதேசம், யாரால் முடியும்!

அன்று ஆறு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனோம். ஜெபக்கூட வாசலில் முப்பது குடும்பங்கள் காத்திருந்தன. கடைசி வரிசையில் தையல்காரி. புருஷன் இல்லை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, வாடகைக்கு எடுத்த தையல் மெஷின், அவ்வளவுதான். போன வருடம் கொடுத்த ஆட்டை இரண்டே மாதத்தில் விற்றுவிட்டாள் என்று அக்கா அவள் பெயரை அடித்துவிட்டார். அது தெரிந்தும் ஒரு நப்பாசையில் வந்து நின்றாள்.

போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். தங்கமான மனுஷன், ஆனால் ஆரம்பித்தால் உலகத்தில் ஒரு நாட்டையும் விடமாட்டார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம், ஆடுகளைத் தவிர. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அக்கா மடியிலிருந்த பட்டியலில் ஒரு மூலைதான் மிச்சம். மற்றதெல்லாம் வெள்ளாட்டின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"அட நாசமாப் போற ஆடே!" என்று அக்கா பாய்ந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரிச்சது போதும். ஆறு பேரும் எனக்கு ஞாபகத்துல இருக்கு" என்றார் அக்கா.

முன்வரிசையில் இருந்த செங்கல் சூளைக்காரி எழுந்தாள். "அதெப்படிக்கா? பேப்பர்ல இருந்தாத்தான் செல்லும்னு சொன்னதே நீங்கதானே? யாருக்கு ரொம்பக் கஷ்டம்னு எங்களுக்குத் தெரியாதா? மொத ஆடு தையல்காரிக்கு."

கூட்டம் முழுக்க ஆமாம் போட்டது. அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏம்மா தையல்காரி, ஆட்டை வித்துட்டேன்னு உன் வாயாலதானே சொன்னே?"

"ஆமாக்கா. பாப்பாவுக்கு மூச்சுத் திணறிடுச்சு. வித்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"வித்தியான்னு கேட்டீங்க. ஏன் வித்தேன்னு கேக்கலையேக்கா."

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கறார் அக்கா மிச்சமிருந்த பட்டியல் மூலையைக் கசக்கிக் கீழே போட்டார். எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். ஐயோ பாவம் என்றிருந்தது. "தப்பு என்னுதும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மீதி ஐந்து ஆடுகளையும் பெண்களே கத்தித் தீர்த்துப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு குறையும் இல்லை.

தையல்காரியின் ஆட்டை அக்காவே பிடித்துக்கொண்டு அவள் வீடுவரை நடந்தார். நான் வேனில் பின்னாலேயே ஊர்ந்தேன். வாசலில் நின்ற பாப்பா ஆட்டைப் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கயிறு கைநழுவ, ஆடு தெரு முனைவரை ஓட, அவளும் விடாமல் துரத்தினாள். திரும்பி வரும்போது அவளுக்குக் கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நான் ஹாரன் அடிக்கவில்லை.