மூன்றாம் கியரைப் பிடித்த கை

என்ஜின் மூடியின் சூடு முதலில் சாக்கைத் தாண்டும், பிறகு மடித்துப் போட்ட போர்வையைத் தாண்டும், கடைசியில் பாவாடையையும் தாண்டித் தொடையில் ஏறும். அதோடு டீசல் வாடையும் பின்னாலிருக்கும் புழுங்கலரிசி மூட்டைகளின் வாடையும் சேர்ந்துகொண்டால், அதுதான் என் வாப்பாவின் லாரி. ஒன்பது வயதில் ஒரு மழைக்கால ஆரம்பத்தில், வலப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாப்பாவும் இடப்பக்கம் சன்னலைப் பார்த்தபடி உம்மாவும் இருக்க, நடுவில் அந்தச் சூட்டின் மேல் நான் உட்கார்ந்து செங்கோட்டை மலை தாண்டினேன். அவர்கள் இரண்டு பேரும் அப்போது பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

பேசவில்லை என்றால் அறவே பேசவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் பேசினார்கள், என் வழியாக. "ஏளா, சோறு ஆறுதுன்னு உங்க வாப்பாட்ட சொல்லு" என்று உம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். அது வாப்பாவின் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் நான் போய் ஒரு தடவை சொன்ன பிறகுதான் அவர் எழுந்து கை கழுவுவார். "வாரேன்னு சொல்லு" என்பார். அதையும் நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடிவாதத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் கால் வலித்தது.

சண்டைக்குக் காரணம் சவூதி விசா. எங்கள் மேலப்பாளையத்தில் ஆண்கள் வெளிநாடு போவது அதிசயமில்லை. 'சபர் போறது' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் வாப்பா டிரைவர் வேலைக்குச் சம்மதம் சொல்லி, பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வந்த சேதி, அடுத்த தெருப் பெண் ஒருத்தி சொல்லித்தான் உம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு உம்மா அழவில்லை. வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூட லீவு முடிவதற்குள் புனலூரில் பாத்திரக்கடை வைத்திருந்த தன் காக்கா, அதாவது என் மாமா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்தாள். "உங்க வாப்பாட்ட சொல்லு, நாம இனி அங்கனதான் இருக்கப் போறோம்னு" என்றாள். இதை மட்டும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை, வாப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு அந்த வாரம் புனலூருக்கே அரிசி லோடு இருந்தது. கிளீனர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இடமும் இருந்தது. அம்பாசமுத்திரத்து ஆலையில் மூட்டை ஏற்றி, மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு கடையம், தென்காசி வழியாகப் போனோம். வழியெல்லாம் சாரல். உம்மாவின் தகரப்பெட்டி என் காலடியில் இருந்தது; வழக்கமாக ஊருக்குப் போகும்போது எடுக்கும் பை இல்லை, பெட்டி.

அந்த லாரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏற்றத்தில் ஒழுங்காக இருக்கும் மூன்றாவது கியர், இறக்கத்தில் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்போது தானாகக் கழன்றுவிடும். அதற்காக, பழைய டியூபை வார் வாராக அறுத்து, கியர் ராடை இழுத்துக் கட்டி, என்ஜின் மூடியின் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். பாரம் ஏற்றிய வண்டி மலை இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி அது பிடிக்காமல் போய்விடும். கியரின் பிடியில்தான் வண்டியை இறக்க வேண்டும். அதனால் இறக்கத்துக்கான கியரை உச்சியிலேயே போட்டுவிடுவார் வாப்பா.

புளியரை தாண்டி 'எஸ்' வளைவில் ஏறும்போது ஒவ்வொரு கியருக்கும் லாரி உறுமி, ஒரு கணம் ஓய்ந்து, மறுபடி உறுமியது. அந்த ஓய்வில் வண்டி பின்னால் போய்விடுமோ என்று நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஓரக்கண்ணால் பார்த்தால் உம்மாவும் அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆரியங்காவு தாண்டி இறக்கம் தொடங்கியதும் வாப்பா மூன்றாவதைப் போட்டு டியூப் வாரை மாட்டினார். வண்டி முனகிக்கொண்டே பைய இறங்கியது.

பாதி இறக்கத்தில் 'டப்'பென்று ஒரு சத்தம். வார் அறுந்து என் முழங்காலில் அடித்தது. ராடு நடுங்க ஆரம்பித்தது. வாப்பாவின் இரண்டு கையும் வளைவில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலும், பாழாய்ப்போன பழக்கம், அவர் என்னிடம்தான் சொன்னார்: "ஏளா, ராடைப் பிடிக்கச் சொல்லு உங்க உம்மாட்ட!"

உம்மாவுக்குக் கேட்டது. கேட்டும் அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ராடு துள்ளி நடுவுக்கு வந்துவிட்டது.

சத்தம் நின்றது. இன்றைக்கும் எனக்குப் பயம் என்றால் அந்த அமைதிதான். என்ஜின் முனகல் போய், சக்கரங்களின் இரைச்சலும் மழைத் தண்ணீர் தெறிக்கும் ஓசையும் மட்டும் கேட்டன. இத்தனை மூட்டையையும் தூக்கிக்கொண்டு லாரி தன்னிஷ்டத்துக்கு ஓடியது. வாப்பா பிரேக்கை மிதித்தார், வேகம் கொஞ்சம் அடங்கியது, மறுபடி மிதித்தார், கருகல் வாடை வந்தது. எதிரே கீழ் வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறிவந்தது. வாப்பா கிளட்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு உறுமு உறுமவிட்டு ராடைத் தள்ளினார். உள்ளே பல்லோடு பல் கடித்துக் கரகரவென்று கத்தியது, கியர் விழவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினேன்.

இரண்டாம் தடவை உறுமவிட்டுத் தள்ளியபோது உள்ளே விழுந்தது. வண்டியே குலுங்கியது.

"மைமூன்! பிடி!"

உம்மாவின் பெயரை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. உம்மா என் மடிமேல் பாய்ந்து இரண்டு கையாலும் ராடைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டாள். பஸ் எங்களை உரசாத குறையாக மேலே போனது.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவே மறக்காது. வளைவுக்கு வளைவு வாப்பா முன்கூட்டியே சொன்னார். "ரெண்டாவது போடப் போறேன், விடு." உம்மா விட்டாள். "மறுபடி மூணு போடுதேன். விழுந்துட்டு, பிடி." "பிடிச்சிருக்கேன்" என்றாள் உம்மா. "வளைவு வருது, உலுக்கும்." "உலுக்கட்டும், பிடிச்சிருக்கேன்." தென்மலை வரும்வரை இதே பேச்சு. இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த என்னிடம் ஒருவரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. உயிர்ப்பயம் ஒரு பக்கம் இருக்க, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

தென்மலையில் சாயாக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார் வாப்பா. உம்மாவின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. அவள் கிளாஸைக் கையில் பிடிக்க முடியாமல் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"மலையில ஒவ்வொண்ணுக்கும் முன்னாலயே சொன்னீயல்லா, விடு, பிடின்னு? அது மாதிரி சபருக்கும் ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

வாப்பா சாயாவைக் குடிக்கவே இல்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "நீ அழுவியேன்னு சொல்லல" என்றார்.

"அழுதா அழுதுட்டுப் போறேன். எனக்குத் தெரியாம போவக் கூடாது."

"இனிமே சொல்லுதேன்" என்றார் வாப்பா.

புனலூரில் மாமா வீட்டு வாசலில் தகரப்பெட்டி லாரியைவிட்டு இறங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, பாரம் இறக்கிய வண்டியிலேயே ஊர் திரும்பினோம். வரும்போது உம்மா என்னைச் சன்னல் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, தான் என்ஜின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள். சில மாதம் கழித்து வாப்பா சவூதிக்குப் போனார், சொல்லிவிட்டு. சில வருஷத்தில் திரும்பியும் வந்தார். கொடுத்த வாக்கை மட்டும் அவர் கொஞ்சம் அதிகமாகவே காப்பாற்றினார். "குளிக்கப் போறேன்", "பள்ளிக்குத் தொழப் போறேன்", "விளக்க அணைக்கப் போறேன்" என்று வீட்டுக்குள் எதைச் செய்தாலும் உம்மாவிடம் சொல்லிவிட்டே செய்வார். "இதையெல்லாமா சொல்லுவாங்க" என்று உம்மா சலித்துக்கொள்வாள். ஆனால் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக என் மகனின் காரில் புனலூர் போனோம். கியர் ராடே இல்லாத கார். முன்சீட்டில் வாப்பா, பின்சீட்டின் நடுவில் நான். மலை அதே மலைதான். எங்களுக்கு முன்னால் போன பெரிய லாரிகள்கூட அந்த உறுமலும் ஓய்வும் இல்லாமல் ஒரே சீராக ஏறின. ராடை டியூப் வார் போட்டுக் கட்டுவார்கள் என்று சொன்னால் மகன் சிரிக்கிறான். உம்மா மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், இரண்டு வருஷமாகிறது.

ஆரியங்காவு தாண்டியதும் வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இறக்கம் வருது" என்றார்.

"தெரியுது, நான் பாத்துக்கிடுதேன்" என்றான் மகன், தன்னிடம் சொன்னதாக நினைத்து.

வாப்பா இடப்பக்கத்துச் சன்னலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் சொன்னார், "இறக்கம் வருது." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அவர் சொன்னதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்தத் தடவை எனக்கு ஆள் இல்லை.

நான் முன்னால் குனிந்து அவர் தோளில் கை வைத்தேன்.

"பிடிச்சிருக்கேன் வாப்பா" என்றேன்.