கணவர் வேலைமேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் எனக்குக் கல்யாணம் ஆனது. ஹட்டன் பக்கத்துச் சின்ன டவுன் ஒன்றில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் கணவருக்கு வேலை. என்னைவிட அந்தத் தொட்டிகளைத்தான் அவர் அதிகம் பார்த்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

முதல் தீபாவளியன்று, வாய்க்கால் அடைத்துவிட்டதாக ஆள் வந்து சொன்னதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். ஆத்திரத்தோடு பின்னாலேயே போனேன். முழங்காலளவு நாற்றத்தில் நின்று குப்பையை வாரிக்கொண்டிருந்தார்.

“என்னைவிட இது ஒசத்தியாங்க?”

“இந்தத் தண்ணி தொட்டியில தெளிஞ்சு, கல்லு அடுக்குல வடிஞ்சுதான் ஆத்துக்குப் போவணும் புள்ள. அடைச்சா அப்படியே கலந்துரும். கீழ பாரு.”

கீழே ஆற்றில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்த என் அக்கா தன் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். புதுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் வாய்க்காலில் இறங்கினேன்.

அந்தப் பொறாமை முழுதாகப் போய்விடவில்லை. ஆனால், அவர் வேலைக்குக் கிளம்பும்போது “போகாதீங்க” என்று அதன்பிறகு நான் சொன்னதே இல்லை.