எதுக்கு மேடம்

அந்தப் பாடம் தொடங்கும் நாளில் மேடம் டஸ்டரைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் வகுப்புக்குள் போவார். கரும்பலகையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எழுதி நிரப்புவார். இனி ஒரு எழுத்துக்கும் இடமில்லை என்றானதும் திரும்பி நின்று, "டஸ்டர் எங்கப்பா?" என்பார். மாலைக் கல்லூரி அது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் மேஜைக்கடியில் குனிந்து தேடுவார்கள். ஒருவர் பக்கத்து வகுப்புக்கு ஓடுவார், ஒருவர் கைக்குட்டையை நீட்டுவார், யார் எடுத்தது என்று முன்வரிசையில் சண்டையே வந்துவிடும். ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு ஜிப்பைத் திறப்பார். "தினமும் இது இங்கதான் கிடக்கும். என்னைக்காவது கண்டுக்கிட்டீங்களா? ஒண்ணோட வேலை என்னன்னு தெரியணுமா, ஒரு நாள் அதை எடுத்துட்டுப் பாருங்க. சமூகமும் இப்படித்தான்." செயல்பாட்டுக் கோட்பாடு என்ற பாடம் ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

சமூகவியல் ஆசிரியை. இருபத்தோரு வருடமாக என் மேஜைக்கு எதிர்மேஜை. நான் புவியியல், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பூகோள உருண்டை உண்டு. அதைப் பார்த்து, "இது எதுக்கு சார் இருக்கு?" என்று முதல் நாளே கேட்டவர். எதைப் பார்த்தாலும் இதே கேள்விதான். மாணவர்கள் 'எதுக்கு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும், பிடிக்கவும் செய்யும்.

"சமூகம் ஒரு உடம்பு சார். எந்த உறுப்பும் சும்மா இல்ல" என்பது அவருடைய கட்சி. ஆசிரியர் கூட்டத்துக்குக்கூட இரண்டு வேலை இருக்கிறதாம். "வெளிய தெரியற வேலை, முடிவு எடுக்கறது. உள்ள இருக்கற வேலை, யார் முதல்வர்னு நமக்கு ஞாபகப்படுத்தறது. முதல் வேலை ஒரு நாளும் நடந்ததில்ல, ஆனா கூட்டம் நிக்குதா பாருங்க!" வம்பு பேசுவதற்கும் ஒரு சமூக உபயோகம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதனால் மனம் உறுத்தாமல் நானும் கூட உட்கார்ந்து பேசுவேன்.

இதற்காக ஒரு பக்கம் மட்டும் பாடம் நடத்துகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோட்பாட்டை எதிர்ப்பவர்களின் வாதத்தை இவரைப்போல் நடத்த ஆளில்லை. குரலே மாறிவிடும். இடுப்பில் கை வந்துவிடும். "எல்லாம் நல்லா நடக்குதுன்னு சொல்றியே, யாருக்கு நல்லா நடக்குது? அடியில கிடக்கறவளைக் கேட்டியா? இருக்கற எல்லாத்துக்கும் காரணம் சொல்லிக்கிட்டே இருந்தா, எதைத்தான் மாத்தறது?" வகுப்பு கைதட்டும். அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே ரத்தம் சூடாகும்.

இதெல்லாம் புத்தகத்திலிருந்து எடுத்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அவருடைய தங்கையின் பேச்சு.

தங்கை படித்துத் தேர்ந்த நர்ஸ். எட்டு வருடத்துக்கு முன் அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே மேடம் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, வட்டம் போட்டு, வீட்டைப் பிரித்துவிட்டார். 'வருமானம் – நான். கடை, கரண்ட் பில் – அவர்.' அவர் என்பது கணவர். மீதி வட்டத்தில், 'அப்பா – தங்கச்சி.' காலை மருந்து, உடம்பு துடைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பாடத்தில் உதாரணமாக அந்த வட்டம் வருடா வருடம் கரும்பலகைக்கும் வரும்.

போன மாதம் வேறு ஊர் மருத்துவமனை ஒன்றிலிருந்து தங்கைக்கு அழைப்பு வந்தது. ஒரு வார்டுக்கே பொறுப்பு. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இன்னொன்று இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாரத் திங்கட்கிழமை வகுப்பில் வழக்கம்போல் இடுப்பில் கை, வழக்கம்போல் கைதட்டல். இந்த முறை, "இதெல்லாம் என் தங்கச்சி கேட்டது" என்று சொல்லியும்விட்டார். பகலில் பஸ் ஓட்டும் மாணவர் ஒருவர் எழுந்து, "உங்க தங்கச்சி கேட்டது சரியாத்தானே மேடம் இருக்கு? நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டார். நக்கல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேடம், "அடுத்த வகுப்புல பாக்கலாம்" என்றார். இருபத்தோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை.

வியாழன் காலை விடைத்தாள் கட்டு ஒன்றைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்போன். உள்ளறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் தங்கை. "என் கோபத்தை எல்லாம் அக்கா நோட்ஸ் ஆக்கிடுவா. போன வருஷம் பத்து மார்க் கேள்வியாவே வந்துடுச்சு. பதில் மட்டும் எனக்கு வரல."

"வீடு நல்லாத்தானேடி நடக்குது?" மேடத்தின் குரலில் துளிகூட நடுக்கமில்லை. "ஆளுக்கு ஒரு பங்கு. யாரும் உன்னை வேலைக்காரியா நினைக்கல."

"என் பங்கை நான் எழுதலையே அக்கா. நீதானே எழுதின?" தங்கை சுவரைக் காட்டினார். "வருஷா வருஷம் டஸ்டரை ஒளிச்சுவெச்சு வேடிக்கை காட்டறியே. எட்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை ஒளிச்சுவெச்சுப் பாத்தியா?"

நான் விடைத்தாள் கட்டின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் பலகையிலிருந்த வட்டத்தை ஒருமுறை முழுக்கப் படித்தார். எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு தொண்டையைச் செருமினார். வகுப்பில் கேட்கும் அதே கணீர்க் குரல். "ஒரு வேலையை ஒரே ஆள்தான் செய்யணும்னு எங்க கோட்பாட்டுல எங்கயும் இல்ல. ஒண்ணு நகர்ந்தா இன்னொண்ணு அந்த வேலையை எடுத்துக்கலாம். பாடத்துலயே இருக்கு. நான்தான் அந்தப் பக்கத்தை வேகமா தாண்டிப் போயிட்டேன்." தோற்கும்போதுகூடக் கோட்பாட்டை ஜெயிக்கவைக்காமல் விடமாட்டார். "போனை எடு. வரேன்னு சொல்லு."

"அப்பாவை யாரு..."

"நானும் அவரும். காலையில எனக்கு வகுப்பு இல்ல, சாயங்காலம் அவர் வந்துடுவார். மத்தியானத்துக்கு ஒரு ஆள் போடுவோம். போற வரைக்கும் நீ சொல்லிக்குடு. நான் கத்துக்கறேன்."

தங்கை அக்காவைப் பார்த்தபடியே போனைக் கையில் எடுத்தார். பிறகு எண்ணை அழுத்தினார். "வணக்கங்க... ஆமா, நான்தான் பேசறேன்... வரேங்க."

மேடம் அதற்குள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, கல்லூரி டஸ்டரை எடுத்துப் பலகைக்குப் போயிருந்தார். 'தங்கச்சி' என்ற சொல்மேல் அழுத்தித் தேய்த்தார். எட்டு வருடத்து மை. அசையவில்லை, டஸ்டரிலிருந்த சாக்பீஸ் தூள்தான் அப்பிக்கொண்டது. நகத்தால் சுரண்டினார். 'த' மட்டும் பாதி போயிற்று.

"அப்பாவுக்கு வெச்சிருக்கற ஸ்பிரிட் பாட்டில் எங்க இருக்கு? இந்த மை அதுக்குத்தான் போகும்" என்றார் திரும்பாமலே.

காதில் போனோடு தங்கை பாதி எழுந்தார்.

"நீ உக்காரு. சொல்லவும் சொல்லாத."

ஒரு அலமாரியைத் திறந்தார். பாத்திரங்கள். மூடினார். அடுத்ததைத் திறந்தார். அப்பாவின் துணிகள், அடுக்கடுக்காக. போனில் பேசிக்கொண்டே தங்கை விரலால் மேல்தட்டைச் சுட்டிக்காட்டினார். மேடம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதையும் மூடிவிட்டு, மூன்றாவது கதவில் கை வைத்தார்.