பைலட்டின் உடல்தகுதிச் சான்று

பாம்பன் ரயில் பாலத்தைத் திறக்கும்போது தோணிகளையும் சிறு கப்பல்களையும் கால்வாய் வழியே கொண்டுபோகும் பைலட்டாக இருந்தேன். ஆண்டுக்கொரு முறை ராமநாதபுரத்தில் அரசு மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும். பதின்மூன்றாம் ஆண்டில் சர்க்கரை நோய் தெரிந்தது. காலையில் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு மட்டும் சான்று.

பைலட் ஏறியதும் சீனி அள்ளிப்போட்ட டீ தருவது தோணிக்காரர் வழக்கம். அவர் குடித்த பிறகுதான் நங்கூரம் எடுப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அதனால் வேலை நாட்களில் நானாகவே இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். எந்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்த தோணியில் ஏறினேன். அவர் மனைவியும் என் மனைவியும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள்.

"உங்களுக்குச் சீனி வியாதின்னு வீட்ல சொன்னாக. இந்தாங்கண்ணே, சீனி போடாத டீ" என்றார் தண்டல். "உங்க பங்கை நாங்க போட்டுக்கிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு மாத்திரை போட்டதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சும்மா குடித்தேன். ரயில் தாமதம், பாலம் திறக்கப் பன்னிரண்டு மணி ஆயிற்று. காலை ஆறு மணிக்குத் தின்ற இரண்டு இட்லிதான் வயிற்றில்.

பால வாயை நெருங்கும்போது சட்டை வியர்வையில் நனைந்து கை நடுங்கியது; ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. நீரோட்டம் தோணியை வலப்பக்கத் தூணை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. நானோ, "வலத்தே திருப்பு" என்றேன். சுக்கானைப் பிடித்திருந்த தண்டல் என்னைப் பார்த்தார். இடப்பக்கமே திருப்பினார். தூணுக்கும் தோணிக்கும் நடுவே ஆறடி கூட இல்லை. கடந்த பிறகு என் வாயில் கருப்பட்டியைத் திணித்தார்.

சான்றைப் புதுப்பிக்கக் கிளம்பிய காலையில் அவர் பேருந்து நிறுத்தத்துக்கே வந்துவிட்டார்.

"தோணியும் தட்டல, ஆளும் விழல. வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்த வாங்கிட்டு வாங்கண்ணே."

"அன்னைக்கு நீ நான் சொன்னபடி திருப்பியிருந்தா?"

பேருந்து வந்தது, ஏறிக்கொண்டேன்.

மருத்துவர் கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரி. பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "நடுவுல எப்பவாச்சும் மயக்கம், நடுக்கம் வந்துச்சா?"

நாள், நேரம், மாத்திரை எண்ணிக்கை, நான் சொன்ன தவறான திசை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாத்திரையை எதுக்குக் கூட்டுனீங்க?"

"டீ குடிக்கணும்ல சார்."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீங்க சொல்லலைன்னா இப்ப கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். "மூணு மாசம் ஏறாதீங்க. பிறகு பாப்போம்."

திரும்பும் பேருந்து சாலைப் பாலத்தைத் தாண்டியபோது கால்வாய்க்கு அப்பால் இரண்டு தோணிகள் காத்து நின்றன. மறுநாள் முறை என்னுடையது. நேரே துறைமுக அலுவலகத்துக்குப் போய், என் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொன்னேன்.

"நாளைக்கு மட்டுமாண்ணே?" என்றார் எழுத்தர்.

"மூணு மாசம்னு எழுதுங்க. காரணமும் எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை மேசையருகே நின்றேன்.