பிலிப்பைன்ஸ் கொடிக்கு நைனா வாசித்த பாட்டு

நமக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், ராயபுரம் கடற்கரையில் பிலிப்பைன்ஸ் நாட்டின் சுதந்திரத்தைக் கெடுத்த பெருமை எங்கள் நைனாவைச் சேரும். அவ்வளவு தூரத்தில் இருக்கிற நாட்டை ஒருவர் தனியாளாகக் கெடுக்க முடியுமா என்று கேட்கலாம். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன், முடியும்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை. திருவிழா, சாவு என்றால் மாதா கோயில் பேண்டில் கிளாரினெட். துரைமார் கொடியேற்றும் நாளிலும் இந்த பேண்டைத்தான் கூப்பிடுவார்கள். கொடி ஏற ஆரம்பித்ததும் பேண்டில் கூட இருந்த என் மாமா டிரம்மை உருட்டுவார், நைனா இங்கிலீஷ் ராஜாவைப் பாடும் ராஜா வாழ்த்தை எடுப்பார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

பழுதுக்காக நின்றிருந்த ஒரு கப்பலின் சமையல்காரர் பிலிப்பைன்காரர். பூசையில் நைனாவின் வாசிப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை. ஸ்பெயின்காரனை எதிர்த்த காலத்தில் அவர்கள் தலைவர் வீட்டு ஜன்னலில் கொடியை விரித்து, இனி நாம் சுதந்திர ஜனங்கள் என்று பிரகடனம் வாசித்தார்களாம். அப்போது ஊர் பேண்டு ஒரு புதுப்பாட்டை வாசித்ததாம். அன்றைக்கு அதற்கு வார்த்தைகூட இல்லை, வெறும் மெட்டு. அந்தக் கூட்டத்தில் அவருடைய அப்பா சிறுவனாக நின்றிருக்கிறார். பின்னால் வந்த அமெரிக்காக்காரன் கொடியையும் பாட்டையும் ரொம்ப வருஷம் தடை செய்து வைத்திருந்தான். இப்போது அவனே நாட்டைக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறான். அந்த நாளில் தான் அந்நிய ஊரில் இருந்தாலும், கொடி ஏறும்போது பேண்டில் அந்த மெட்டைக் கேட்க வேண்டும். அதுதான் அவர் ஆசை.

"மெட்டக்கூட வாசிக்கக் கூடாதுன்னானுங்களாம், கேட்டியா?" என்று நைனா அம்மாவிடம் கொதித்தார். சமையல்காரர் சாயங்காலங்களில் வந்து முணுமுணுக்க, நைனா காதாலேயே பிடித்துக்கொண்டார். தெருப்பிள்ளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

அந்த நாளும் வந்தது. கரையில் நின்ற ஒரு படகின் பாய்மரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். பிலிப்பைன்கார மாலுமிகள் ஏழெட்டுப் பேர் சலவைச் சட்டையில் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டு விசாரிக்க ஒரு போலீஸ்காரரும் வந்திருந்தார். சமையல்காரர் கயிற்றை இழுத்தார். மாமா டிரம்மை உருட்டினார். நைனா கண்ணை மூடிக்கொண்டு ராஜா வாழ்த்தை எடுத்தார்.

பேண்டு மொத்தமும் கூடவே போனது. போலீஸ்காரர் விறைத்து நின்று சலாம் வைத்தார். பாதி மரத்தில் கொடி நின்றுவிட்டது. சமையல்காரரின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த மணலிலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. இரண்டாவது அடியில்தான் நைனா கண்ணைத் திறந்தார். அப்புறம் எவ்வளவு முயன்றும் அந்த மெட்டு அவருக்கு வரவில்லை, விரல்கள் ராஜா வாழ்த்துக்கே போயின. கடைசியில் மாலுமிகள் வாயாலேயே பாடிக் கொடியை ஏற்றிக்கொண்டார்கள்.

"இன்னாய்யா பண்ணிட்ட நீ!" என்றாள் அம்மா. நைனா அன்று சாப்பிடவில்லை. கப்பல் புறப்படுமுன் சமையல்காரர் வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் தங்களையும் அமெரிக்காக்காரன் பாட்டைத்தான் பாடவைத்தார்கள், இன்றும் தூக்கத்தில் வாய் அங்கேதான் போகிறது என்றார். நைனா தலை நிமிரவில்லை. எனக்கோ தெருவில் பிள்ளைகள் ராஜா வாழ்த்தைச் சீட்டியடிக்கும்போதெல்லாம் மானம் போயிற்று.

மறுவருஷம் நம் கொடி ஏறியது. ராயபுரமே தெருவில் இருந்தது. நைனா கிளாரினெட்டைக் கோஷ்டியில் ஒரு பையனிடம் கொடுத்து, "நீ வாசிபா" என்றுவிட்டார். போன வருஷத்து அவமானத்தைத் துடைக்க வந்த சந்தர்ப்பத்தையும் விட்டாரே என்று எனக்கு ஆத்திரம். திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கை விரல்களை மறு கையால் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். கொடி உச்சிக்குப் போகும்வரை விடவில்லை.

வீம்பு என்றுதான் நினைத்தேன். தன் விரல்களை நினைத்து ஒரு மனுஷன் பயப்படுவான் என்று அப்போது எனக்குத் தெரியாது.