அசிட்டிலின் சிலிண்டரும் ஒரு டிகிரியும்

வெல்டிங் பட்டறை

பங்காருபேட்டை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை பற்றி எரிந்தது. காலை பதினொரு மணி. நான் லீடிங் ஃபயர்மேன். சர்வீஸ் இருபத்தோரு வருஷம், படிப்பு பி.யு.சி. அரை மணி நேரத்தில் தீயை அணைத்துவிட்டோம். சாமான்களை எடுக்கப் பட்டறைக்காரர் அவசரப்படுத்தினார். நானும் உள்ளே கால் வைக்கப் போனேன்.

"ஏழுமலை, நில்லுங்க! யாரும் உள்ள போகக்கூடாது."

ஸ்டேஷன் ஆபீசர் சுஜாதா மேடம். மைசூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"தீதான் அணைஞ்சிடுச்சே மேடம்?"

"மூலையில அசிட்டிலின் சிலிண்டர் பாருங்க. பெயின்ட் கொப்பளிச்சிருக்கு. வெளிய தீ அணைஞ்சாலும் உள்ள சூடு ஏறிட்டே இருக்கும். எல்லாரும் பின்னால வாங்க. தூரத்துல இருந்து தண்ணி அடிங்க."

பட்டறைக்காரர் முணுமுணுத்தார். எனக்கும் உள்ளூரச் சிரிப்புதான். இருபது நிமிஷம் கழித்து சிலிண்டர் வெடித்தது. ஷீட் கூரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் சுவரே இல்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"இது மாதிரி எத்தினி பாத்துகீறீங்க மேடம்?" என்றேன்.

"இதான் முதல் தடவை. டிகிரியில ஒரு பாடமா வந்துச்சு."

நானும் அந்த டிகிரியைப் படிப்பது என்று அன்று ராத்திரியே முடிவெடுத்தேன். பயத்தால் அல்ல, பிரமிப்பால்.

காலேஜ் தேடியது

பக்கத்து மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் ஓர் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன்.

"ஃபயர் அட்மினிஸ்ட்ரேஷன் டிகிரி சார், ஆறே மாசம். கிளாஸுக்கு வரவே வேணாம்" என்றார் மேனேஜர். அவர் சொன்ன ஃபீஸுக்கு பி.எஃப். லோன்தான் போட வேண்டும். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டிய வருஷம் அது. ஆனாலும் லோன் ஃபாரம் வாங்கிவிட்டேன்.

மேடம் தடுத்தார். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க. யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கா? நம்ம டிபார்ட்மென்ட் ஏத்துக்குமா? சிலபஸ் எங்க?"

திரும்பப் போய் சிலபஸ் கேட்டேன். மேனேஜர் பட்டமளிப்பு விழா ஆல்பத்தைக் காட்டினார். எழுந்து வந்துவிட்டேன்.

பல மாதம் தேடியபின், ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் வழித் தீ பாதுகாப்பு டிகிரி கிடைத்தது. ஃபீஸ் சம்பளத்துக்குள் அடங்கியது. செல்லும் என்று ஹெட் ஆபீஸில் எழுதி வாங்கிய பிறகே சேர்ந்தேன்.

"இன்னாங்க இது, அப்பனும் மவளும் ஒண்ணா பரீட்சைக்குப் போவீங்களா?" என்று மனைவி சிரித்தாள். மறுநாள் இரண்டு பேர் புத்தகங்களுக்கும் அவளே அட்டை போட்டிருந்தாள்.

டேப் பிடித்து அளந்தது

ஒரு பாடத்துக்கு, சொந்த ஊரின் தீ ஆபத்தை ஆராய்ந்து எழுத வேண்டும். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், நான் பிறந்த லைன் வீடுகளை எடுத்துக்கொண்டேன். சந்து சந்தாக டேப் பிடித்தேன்.

"இன்னா ஏழுமல, பட்டா குடுக்கப் போறாங்களா?" என்று அங்கே குடியிருப்பவர்கள் கேட்டார்கள்.

அளந்த கணக்கைத் தீயணைப்பு வண்டியின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று வரிசைகளுக்குள் எங்கள் வண்டி நுழையவே முடியாது. நாற்பத்தாறு வருஷமாக நான் நடந்த சந்துகள் அவை.

மேடம் என் கட்டுரையை ஸ்டேஷன் பிளானாக்கினார். அந்த வரிசைகளுக்குக் கூடுதல் ஹோஸ், பின்சந்து வழி. அடுத்த கோடையில் அங்கேயே ஒரு வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. பின்சந்தில் ஹோஸை இழுத்து, படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்தோம்.

எந்த டிகிரி படிக்கலாம் என்று இளைய ஃபயர்மேன்கள் கேட்கிறார்கள். படித்ததை மறுநாள் டியூட்டியில் செய்து பார்க்க முடிகிற படிப்பில் சேருங்கள் என்பேன்.

லைன் வீடுகளை அளந்து எழுதிய அந்தப் பாடத்தில் எனக்கு ஐம்பத்திரண்டு மார்க்தான். மார்க் ஷீட் வந்த அன்று ஸ்கெலட்டன் வழியாகப் போனேன். வாசலில் போட்டிருந்த கட்டிலில் படுத்து, அந்த அம்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.