டூப்ளிகேட் அக்காவுக்கு வந்த அழைப்பு

அந்தப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் முதலில் என்ன நினைப்பீர்கள் என்று. "டூப்ளிகேட் அக்காவா இருக்கும்" என்பார்கள். பெற்ற தாய் புது எண்ணிலிருந்து கூப்பிட்டால்கூட நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் "சொல்லும்மா" என்பார்கள். பிள்ளைகளை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள் அவள்.

வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம் என்று பலகை மாட்டிய இரண்டு அறைகளில் உள்ளறை அவளுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். மேஜையில் மூன்று போன், மூன்றுக்கும் வேறு வேறு எண். மாணவர்கள் வெளியறையில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு என்றைக்கு, எந்த நேரத்தில் என்று சொல்லாமல், வேலை கொடுக்கிறவர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு அவள் கூப்பிடுவாள். அதுதான் பயிற்சி. ஒரு நாள் சிடுசிடுப்பான வங்கி மேலாளர். ஒரு நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசும் ஹோட்டல் முதலாளியம்மா. ஒரு நாள் அசல் ஏமாற்றுக்காரி: "உங்களுக்கு வேலை உறுதியாயிடுச்சு, முன்பணம் மட்டும் இன்னிக்கே கட்டிடுங்க." கட்டுகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

"எவளோ ஒருத்தி தேன் ஒழுகப் பேசினா கார்டு நம்பரத் தூக்கிக் குடுத்துடுவியா? உன் தலையில மொளகா அரைக்க ஊரே காத்துக்கிட்டு இருக்கு. நல்லா கேட்டுக்கோ. தெரியாத குரல்னா மொதக் கேள்வி, 'எந்த நிறுவனத்துலேர்ந்து பேசுறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?' அத மரியாதையா கேளு. அப்புறம் வந்த நம்பருக்கே திருப்பிக் கூப்பிடாத. கம்பெனி நம்பர நீயா தேடி எடுத்துக் கூப்பிடு."

நல்ல பாடம்தான், குறை சொல்ல முடியாது. எத்தனையோ பிள்ளைகள் அவளால் ஏமாறாமல் தப்பியிருக்கிறார்கள். ஆனால் பாராட்டு என்ற ஒன்று அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பாராட்டினால் அசந்துபோவார்கள், அசந்தால் ஏமாந்துபோவார்கள் என்பது அவள் கணக்கு. குரல் சின்னதாக இருந்தால் அதற்கு ஒரு குத்தல், பெரிதாக இருந்தால் அதற்கு ஒரு குத்தல்.

இந்தச் சந்தேகம் அவளோடு பிறந்ததல்ல. படிப்பை முடித்த புதிதில் அவளுக்கும் ஒரு வேலை உத்தரவு வந்தது. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். இரண்டு பஸ் மாறி அந்த விலாசத்துக்குப் போனால், பூட்டிக் கிடந்த ஒரு செருப்புக் கடை. அப்பா ஷட்டரைத் தட்டிப் பார்த்தார். "சாப்பிடப் போயிருப்பாங்கம்மா, வந்துடுவாங்க" என்று வெயிலிலேயே நின்றார். வெளிச்சம் மங்கும்வரை நின்றார். வேலை இல்லை என்பதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த மனுஷன் நம்பிக்கொண்டு நின்றாரே, அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. அன்றைக்கு மனசில் ஏறியது இறங்கவே இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரன் முன்னாலேயே இரண்டு தடவை படிப்பாள். கணவன் பசியில்லை என்றால், எங்கே சாப்பிட்டாய் என்பாள். அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். "கடவுளே வந்து கதவத் தட்டினாலும் இவகிட்ட ஐடி கார்டு காட்டணும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பான். "காட்டட்டுமே, என்ன கொறஞ்சு போச்சு" என்பாள் அவள். ஒரு பெரிய ஃப்ரிட்ஜைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் கட்டிலோடு கிடந்தான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. ஒரு பையனுக்கு வங்கியிலிருந்து நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, இன்னிக்கு ஆம்பளக் குரல் சரியா வரலியே, சளியா?" மேலாளர் போனை வைத்துவிட்டார். வேலை போயே போய்விட்டது. மையத்தின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நெசம் எது, நடிப்பு எதுன்னு தெரியாதவன் வங்கியில போய் என்னத்தக் கிழிக்கப் போறான் சார்" என்றாள்.

இயக்குநர் அதை மறக்கவில்லை போலிருக்கிறது. இந்த வருஷம் அவளை எதிரே உட்காரவைத்து, கணினியைக் காட்டினார். "இனிமே பயிற்சி அழைப்பெல்லாம் இந்த மென்பொருள் பார்த்துக்கும்மா. ஒரே நேரத்துல நூறு பேர்கிட்ட பேசும்."

"தப்பு பண்ணா திட்டுமா சார்?"

"திட்டாது."

"அப்ப பசங்க என்னத்தக் கத்துக்குவாங்க?"

மாசக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது என்று அவர் சொன்னார். அவளுக்கு நாற்பத்தாறு வயசு. கட்டிலில் கணவன். போலி ஹோட்டல் முதலாளியம்மாவாகப் பேசத் தெரியும் என்று சொன்னால் எவன் வேலை கொடுப்பான்?

எங்கெங்கோ எழுதிப் போட்டாள். ஒரே ஒரு இடத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே பெரிய பார்சல் கம்பெனி. வேலைக்கு வருகிறவர்களின் சான்றிதழ்கள் அசலா போலியா என்று பார்க்க ஆள் வேண்டுமாம். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம். நேர்காணலில் இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். மூலையில் ஒரு இளைஞன் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆள முன்னாடியே எடுத்து வெச்சுட்டு, ஒப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்று வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்.

"ஒரு வாரத்துல கூப்பிடுறோம்னுதானே சொன்னாங்க?"

"சொல்லுவாங்க."

"கூப்பிட்டா எடுத்துப் பேசு. அவங்களையும் குறுக்கு விசாரணை பண்ணிட்டு இருக்காத."

கடைசி வருஷ மாணவிகளில் மிமிக்ரி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருத்தி உண்டு. இயக்குநர் மாதிரி தொண்டையைச் செருமிப் பேசினால் இயக்குநரின் டிரைவரே வண்டியை எடுத்துவிடுவார். ஆனால் நேர்காணல் என்று போனால் ஒன்றும் தேறவில்லை, இதுவரை எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். அவளிடமும் நம் அக்கா சொல்லியிருந்தாள்: "இந்த வெளையாட்டுப் புத்திய வெச்சுக்கிட்டு உனக்கு எவன் வேலை குடுப்பான்?" அப்போது அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. மறு நிமிஷம் சமாளித்துச் சிரித்துவிட்டாள்.

அக்கா போகப்போகிறாள் என்ற செய்தி பரவியதும் மிமிக்ரி வாசலில் வந்து நின்றாள். "நீங்க போறதுக்குள்ள உங்களுக்கே ஒரு கால் வரும்க்கா. யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

"போடி. நீ விடப்போற கரடி இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள எனக்கு அதோட கலரு தெரியும்."

ஒரு வாரம் தாண்டியது. கம்பெனியிலிருந்து மூச்சே இல்லை. அடுத்த நாள் மத்தியானம், ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்த நேரம், அவளுடைய சொந்தப் போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம் மேடம். நான்... பார்சல் கம்பெனியிலேர்ந்து பேசுறேன். உங்க நேர்காணல் விஷயமா..." ஆண் குரல்தான். ஆனால் பாதி தொண்டையிலேயே நின்றது.

அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பார்சல் கம்பெனி விஷயம் மையத்தில் எல்லாருக்கும் தெரியும், வெளியறை குமாஸ்தா ஊதிவிட்டிருந்தார். வந்துட்டியாடி, வா, என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க சார்" என்றாள் பவ்யமாக.

"உங்களத் தேர்வு பண்ணியிருக்கோம். திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க..."

"இருங்க சார். உங்க பேரச் சொன்னீங்களா? இல்ல. என்ன வேலைன்னு சொன்னீங்களா? அதுவும் இல்ல. எடுத்த உடனே தேர்வு பண்ணியிருக்கோம்னா, கேக்குறவ காதுல பூ சுத்தியிருக்கான்னு நெனப்பா?"

அந்தப் பக்கம் ஒரு தடுமாற்றம். "இல்ல மேடம், நான்..."

"குரல் எங்க போகுது? யாராவது கழுத்தப் பிடிச்சிருக்காங்களா? ஆம்பளக் குரல்னா தொண்டையில கல்லப் போட்டுக்கிட்டுப் பேசறதா? மொதல்லேர்ந்து சொல்லு. வணக்கத்துலேர்ந்து."

குரல் உண்மையிலேயே முதலிலிருந்து ஆரம்பித்தது. "வணக்கம் மேடம். நான் பார்சல் கம்பெனி, பணியாளர் பிரிவுலேர்ந்து..." இந்த முறை இன்னும் சின்னதாக, நடுங்கியது. என்னமா நடிக்கிறாள் கழுதை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பத்துக்கு மூணு" என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் கதவு திறந்தது. மிமிக்ரி உள்ளே வந்தாள். ஒரு கையில் பாதி தின்ற பிஸ்கட், இன்னொரு கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"அக்கா, ஸ்டேப்ளர் இருக்கா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதில் இன்னும் போன். அந்தக் குரல், "சரிங்க மேடம், அப்புறம் பேசுறேன்" என்றது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?"

ஸ்டேப்ளரை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு வெளியே போனாள். சளியா என்று கேட்ட அந்த வங்கிப் பையன் கண் முன்னால் வந்தான். அவனைப் பற்றித் தான் இயக்குநரிடம் சொன்ன வாக்கியமும் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டில் அந்த மனுஷன் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தான், எடுத்துப் பேசு என்று.

இப்போதும் வந்த எண்ணுக்கு அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. கம்பெனியின் எண்ணைத் தானே தேடி எடுத்து, பணியாளர் பிரிவு வேண்டும் என்றாள். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு அதே சின்னக் குரல், "வணக்கம்" என்றது.

"சார், இப்ப என்கிட்ட பேசினது நீங்கதானா? நான்... தப்பா நெனச்சு..."

"தெரியும்க்கா" என்றான் அவன். அக்கா என்றான். "நேர்காணல்ல மூலையில உக்காந்திருந்தேனே, நான்தான். நீங்க வாயத் தொறந்த உடனே யாருன்னு தெரிஞ்சுடுச்சு. நானும் உங்க மையத்துல பேர் குடுத்தவன்தான். ஆறு வருஷம் ஆச்சு."

அவள் நினைவில் துழாவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. "ஞாபகம் இல்ல தம்பி" என்றாள். பொய் சொல்ல வரவில்லை.

"எத்தன பேர்கிட்ட பேசியிருப்பீங்க, எப்பிடி ஞாபகம் இருக்கும். எனக்குத்தான் ஒரே ஒரு தடவ. இந்தக் குரல வெச்சுக்கிட்டு உனக்கு எவன் வேலை குடுப்பான்னு கேட்டீங்க." அவன் குற்றம் சாட்டுகிறவன் மாதிரி சொல்லவில்லை, தேதி சொல்கிறவன் மாதிரி சொன்னான். "அதுக்கப்புறம் ஒரு வருஷம் தெரியாத நம்பர் எதையும் நான் எடுக்கலக்கா. அதுல ரெண்டு நெசமான வேலை. பின்னாடிதான் தெரிஞ்சுது. இன்னிக்குக்கூட உங்களுக்குப் போன் பண்ண, வெளிய போய் மூணு தடவ பேசிப் பார்த்துட்டுத்தான் வந்தேன். மொதல்லேர்ந்து சொல்லுன்னீங்க பாருங்க, நானும் தன்னால வணக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன்."

ஜெனரேட்டர் நின்றிருந்தது. அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. பூட்டின ஷட்டருக்கு முன்னால் அப்பா நின்றது அவளுக்கு இத்தனை வருஷமாக ஞாபகம் இருந்தது. இந்தப் பையனை எங்கே நிற்க வைத்தோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"மன்னிச்சுக்கோப்பா" என்றாள். மூன்று போன்களிலும் சேர்த்து அவள் அதுவரை சொல்லாத வார்த்தை.

"இருக்கட்டும்க்கா. மேனேஜர்கிட்ட உங்களத்தான் எடுக்கணும்னு நான்தான் சொன்னேன். போலி சான்றிதழக் கண்டுபிடிக்க உங்கள விட ஆள் கிடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?"

"சொல்லு."

"நீங்க காகிதத்த மட்டும் பாருங்க. வேலைக்கு வர்ற பசங்களுக்குப் போன் பண்ண வேண்டாம். அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரிப்பா" என்றாள்.

கணவனுக்குப் போனில் தகவல் சொன்னாள். "நெசமாவா? நல்லா விசாரிச்சியா?" என்று அவன் கேட்டான், அவளுக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் மிமிக்ரிக்கு ஒரு நேர்காணல் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்தக் காகிதக் கட்டு அதற்காகத்தான். மேஜையில் இருந்த போன்களில் ஒன்றை எடுத்து அவளைக் கூப்பிட்டாள். வங்கி மேலாளராகவும் இல்லை, ஹோட்டல் முதலாளியம்மாவாகவும் இல்லை.

"நான்தான் பேசுறேன்மா. அன்னிக்கு உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டேன், அது தப்பு. நீ கெட்டிக்காரி. உன் குரல் அருமையான குரல். நாளைக்குத் தைரியமா போய்ப் பேசு, கண்டிப்பா கெடைக்கும்."

அந்தப் பக்கம் அந்தப் பெண் எழுந்து நேராக உட்கார்வதும், பிஸ்கட்டை விழுங்குவதும் கேட்டது. பிறகு சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தோடு, அதே மரியாதையோடு பேசினாள்.

"ரொம்ப நன்றி மேடம். எந்த நிறுவனத்துலேர்ந்து பேசுறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"